பின்னால் நீளும் கை

...நான் எப்பம்மா மாட்டேன்னு சொன்னேன்? மனுவைக் குடுங்க, கூட்டம் முடியட்டும், ஐயா கைல சேத்துர்றேன். அதுவரைக்கும் இப்படி மேடைத் திரைக்குப் பின்னால உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும்.

நான் கட்சிக்காரன் இல்லம்மா, குமாஸ்தா. ஐயா மாநில அரசு வக்கீலா இருந்த இருபத்திரெண்டு வருஷமும் கோர்ட்டுல அவரு முதுகுக்குப் பின்னால நின்னவன். திரும்பியே பாக்க மாட்டாரு. கை மட்டும் பின்னால வரும். பேப்பரை வச்சா, முதல் வரியில ஆரம்பிச்சு கடைசி வரி வரைக்கும் இடி மாதிரி படிப்பாரு. என்ன படிச்சோம்னு உக்காந்தப்புறம்தான் அவருக்கே தெரியும்.

இந்த மனுஷனுக்குத் தேர்தல் ஆசை வந்துச்சு பாருங்க... என் தலையெழுத்து. 'தோத்தா நீ வீட்டுக்குப் போயிக்கய்யா, ஜெயிச்சா கூடவே இரு'ன்னாரு. எங்க ஜெயிக்கப் போறாருன்னு என் சம்சாரம் பெட்டியே கட்டிருச்சு, மக ஊருக்குப் போயிரலாம்னு.

கடைசிக் கூட்டம். கை வந்துச்சு. நான்... சிரிக்காதீங்க... அவசரத்துல பழைய சைக்கிள் திருட்டு கேஸ் கட்டை வச்சுட்டேன். 'இவருக்கு ஏற்கனவே ரெண்டு தடவை சந்தர்ப்பம் குடுத்தாச்சு. மூணாவது தடவையும் விட்டா இந்த ஊருல ஒரு பூட்டு மிஞ்சாது'ங்கறாரு. எதிர்த்து நின்னவரோ ரெண்டு தடவை பதவியில இருந்தவரு. ஜனம் நாற்காலி மேல ஏறி நின்னு கை தட்டுது! ஜெயிச்சுட்டாரு. பெட்டி அஞ்சு வருஷமா கட்டினபடியே கிடக்கு.

இந்தத் தேர்தல்லயும் ஜெயிக்க விடுவேனா? பேச்சை நானே எழுதிட்டேன். நாலு பக்கமும் வெறும் புள்ளிவிவரம். கேட்டா நாய்கூடக் கொட்டாவி விடும். இந்தா, கை வருது... வச்சாச்சு. அப்பாடா.

நீங்க என்னமோ தண்ணிக் குழாய்னு சொல்ல வந்தீங்களே... என்னது? என் மடியிலயா? இதுவா, இது பேச்சு... ஐயையோ, இதுதாம்மா பேச்சு. அப்ப அவரு கைல?

'அஞ்சு வருஷமா எங்க தெருவுக்குத் தண்ணி வரல. நம்பி ஓட்டுப் போட்டு அனுப்பினோமே, இந்த ஆளு ஒரு நாள் வந்து எட்டிப் பாத்தாரா?'

உங்க மனுதானே? தன்னையே கூண்டுல ஏத்திட்டாரும்மா... ஒரு வரி விடாம! சபாஷ். கூட்டம் கப்சிப்னு இருக்கு பாருங்க. தோத்தாரு. இன்னிக்கே சம்சாரத்துக்குச் சொல்லிரணும், பெட்டியத் தூசி தட்டுன்னு...

அது என்ன சத்தம்? கை தட்டுறாங்களா? தப்பைத் தானே ஒத்துக்கிட்ட மனுஷனாம், கேட்டீங்களா அக்கிரமத்த...

அம்மா, நீங்க ஏம்மா தட்டுறீங்க?