சுவரோரம் வைத்த சப்வூஃபர்

சப்வூஃபர் என்கிற அதிர்வு ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மூலையில், சுவரை ஒட்டி வைத்தால்தான் அதிர்வு முழுசாக வரும். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன், சார். எதையும் அளந்து வைத்தே பழக்கம்.

வீட்டில் ஏற்கெனவே நாலு ஒயர்லெஸ் ஸ்பீக்கர் இருந்தன. பேச்சு தெளிவாகக் கேட்கும். இடி இடித்தால் மட்டும் தகரத்தைத் தட்டியதுபோல இருக்கும். அந்தக் குறைக்காகத்தான் வாங்கினேன் என்று மனைவியிடம் சொன்னேன். பிளக்கைச் செருகி, பின்னால் இருந்த பொத்தானை அழுத்தினேன். நீல விளக்கு மினுக்கி மினுக்கி நிலைத்து நின்றது. அவ்வளவுதான் வேலை.

"சுவத்துக்கு அந்தப் பக்கம் அண்ணன் கட்டில் இருக்குங்க. வேற எங்கயாவது வைங்களேன்."

"இங்க வச்சாதான் சத்தம் சரியா வரும்."

"உங்ககிட்ட சொல்றது செவிடன் காதுல ஊதுன சங்குதான்," என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். ரத்தப் பரிசோதனை லேபில் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை.

மச்சான் தங்கமான மனிதர். கடையில் என்னைச் சேர்த்துவிட்டதே அவர்தான். பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. பேச்சு போய்விட்டது, ஒரு கை மட்டும் அசையும். அந்தக் கையில் ஒரு ஸ்பூன். சுவரில் ஒருமுறை தட்டினால் தண்ணீர், இருமுறை தட்டினால் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். விடாமல் தட்டினால் சளி அடைக்கிறது, உடனே நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. கேட்டால் போவேன். கேட்டால் போகத்தானே வேண்டும்? கேட்காவிட்டால் யார் குறை சொல்ல முடியும்?

முதல் ஞாயிறு ஒரு போர்ப் படம் போட்டேன். செல்போனிலேயே அதிர்வின் அளவைக் கூட்டலாம், கூட்டினேன். இரண்டு மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. பிறகு போய்ப் பார்த்தேன். படுக்கை நனைந்திருந்தது.

"படம் ஓடுச்சா, கேக்கல மச்சான்," என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். துணியை மாற்றினேன். அடுத்த இரண்டு ஞாயிறும் அப்படியே போயின.

நாலாவது ஞாயிறு மத்தியானம், படத்தில் இரண்டு பேர் பேசாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கும் காட்சி. ஸ்பூன் விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. காலைக்கூடத் தரையில் ஊன்றிவிட்டேன், சார். எழுந்திருக்கத்தான் இருந்தேன். சத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன். மௌனத்தைக் கூட்டி என்ன பயன்? படத்தைப் பின்னுக்குத் தள்ளி, குண்டு விழுகிற இடத்திலிருந்து மறுபடி போட்டேன்.

சாயங்காலம் லேபிலிருந்து வந்து அண்ணனைப் பார்த்தவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "தட்டுனது கேக்கவே இல்லயா?"

"கேக்கலம்மா."

நம்பிவிட்டாள். அன்றிலிருந்து, "நான் லீவு போட்டிருக்கணும், நான்தான் கொன்னுட்டேன்" என்று சொல்லிச் சொல்லி, சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். அதை எதிரே உட்கார்ந்து பார்க்க முடியாமல்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

இப்போது எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள்: 'சத்தத்தில் இவருக்குக் கேட்கவில்லை.' அந்த வரியை அடித்துவிடுங்கள். கேட்டது. குண்டு விழுந்து ஓய்ந்த பிறகும் கேட்டது, முன்னைவிட மெதுவாக. அதனால்தான் மூன்றாம் தடவையும் அந்த இடத்தையே போட்டேன்.