அடுப்பில் செருகிய கம்பி

கம்பி வழியாக அடுப்பின் மடி, அந்த ஆசாரச் சுத்தம், கெடுமா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. பழவங்காடியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது முன்னால் நின்ற தம்பதி பேசிக்கொண்டார்கள்.

“செம்புக் கம்பியையும் இரும்புக் கம்பியையும் முறுக்கி அடுப்பில வெச்சா, அந்தச் சூடே மின்சாரமாகும்டீ.”

“குளிக்காம மறு முனையைத் தொடறேளே, என் அடுப்போட மடி என்னாறது?”

“நான் தொடறது மின்சாரம் அளக்கற பெட்டியையாக்கும்!”

“அடுப்பில இருக்கற கம்பிதானே பெட்டிக்கும் வரது? நாளைக்குக் குளிச்சு ஈரவேட்டியோட வந்து தொடுங்கோ. இல்லேன்னா சமையல் கிடையாது.”

“ஈரத்தோடயா? மின்சாரம்டீ!”

“நான் அடுப்பூதி உண்டாக்கினதுதானே? பெட்டியில முள்ளே அசையல்லே, உங்களை என்ன பண்ணிடும்?”

சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினேன். குழந்தையைத் தோளில் போட்டிருந்த என் கணவர், கம்பிகளின் பெயரைக் குறித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே அடுப்பு. குழந்தைக்குப் பால் காய்ச்சுவதும் அதில்தான். இவரை எப்படித் தடுப்பது? இதைப் படிக்கும் சகோதரிகள் யோசனை சொல்ல வேண்டும்.