வழக்கமான கடைசி வாசிப்பு

கணிதம் படிப்பவர்கள், ஐயா, சொன்னதையே திரும்பச் சொல்வார்கள். கணினி படிப்பவர்களும் அப்படியே. ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுத அவர்களுக்குக் கற்பிப்பதில், மிகையை வெட்டுவதுதான் என் பாதி வேலை. மாணவர்கள் எனக்குக் 'கமா சார்' என்று பெயர் வைத்திருப்பதை அறிவேன். எனக்கு அதில் வருத்தமில்லை.

என் தங்கை ஏன் திருத்திய ஆய்வேட்டைக் கொண்டுவரவில்லை என்று துறைத்தலைவராகிய தாங்கள் நேற்று கேட்டீர்கள். நேரில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன். பொறுத்தருள வேண்டும்.

அவள் கண்டுபிடித்த கணினி வழிமுறை, புள்ளிகளைக் கோடுகளால் இணைத்த எந்த வலையிலும் வேலையை முடித்துவிட்டு நிற்கும். அந்த வலைக்கு எல்லை இருந்தால். இந்த நிபந்தனையைப் பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தாள்.

"ஏம்மா, படிக்கிறவங்களுக்குக் கொட்டாவி வராதா?" என்று கேட்டேன்.

"வரட்டும்ண்ணா. அதை எடுத்தா மொத்தமும் பொய்யாயிடும். கமா சார் கமாவோட நிறுத்திக்கணும்," என்று சிரித்தாள்.

அவள் சொல்லித்தான் எனக்கு அது தெரியும். கணிதத்தில் நான் கைநாட்டு.

பட்டம் கிடைத்ததும் வெளிநாட்டில் ஆராய்ச்சிப் பணி காத்திருந்தது. வீட்டிலோ, பக்கவாதத்தில் விழுந்த அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க அவள் ஒருத்திக்குத்தான் கைவரும். நான் தொட்டால் அவர் முனகுவார். அவளைப் போகவேண்டாம் என்று நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அப்படிச் சொல்வது அநாகரிகம்.

துறை விதிப்படி கடைசி வாசிப்பு மொழி ஆசிரியருடையது. அவள் அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்த முற்பகலில், நிபந்தனை வந்த இடங்களையெல்லாம் நீக்கினேன். வாக்கியங்கள் உண்மையிலேயே அழகாயின.

ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில் தாங்கள்தாம் கேட்டீர்கள்: "எல்லையில்லாத வலையில இது எப்பம்மா நிக்கும்?" நிபந்தனையைக் காட்டுவதற்காக அவள் பக்கங்களைப் புரட்டினாள். புரட்டிக்கொண்டே இருந்தாள். நான் பின்வரிசையில் இருந்தேன்.

தாங்கள் பெருந்தன்மையோடு, திருத்திக்கொண்டு வரச் சொன்னீர்கள். அவள் வீட்டுக்கு ஓடிவந்து தன் கணினியிலிருந்த பிரதிகளைத் திறந்தாள். அவற்றிலும் இல்லை. அவற்றையும் நான் முன்பே சரிசெய்திருந்தேன்.

"அண்ணா, நான் எழுதினேன்தானே? நீ பாத்தேதானே? கொட்டாவி வரும்னு கூட சொன்னியே?"

"நான் எங்கம்மா அப்படிச் சொன்னேன்? நீ சரியாத் தூங்குறதே இல்ல. மனசுல நினைச்சதை எழுதினதா நினைச்சுக்கிட்டிருப்பே."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

இப்போது அடுப்பை அணைத்தோமா என்று பலமுறை எழுந்து போய்ப் பார்க்கிறாள். அப்பாவின் மாத்திரையைக் கொடுக்குமுன் என்னிடம் காட்டி, "இதுதானேண்ணா?" என்று கேட்கிறாள். சரியான மாத்திரையைத்தான் எடுத்திருப்பாள். நானும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுத் தலையசைப்பேன். கணக்கு தன் மண்டையைவிட்டுப் போய்விட்டது என்கிறாள். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை. வேறு குறையொன்றும் இல்லை. அப்பாவின் முதுகுப் புண் ஆறிவிட்டது.

குற்றம் என்னுடையது. எந்தத் தண்டனைக்கும் கட்டுப்படுகிறேன். ஒரே ஒரு விண்ணப்பம்: அன்புகூர்ந்து இதை அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். தெரிந்தால் நாளைக்கே எல்லாவற்றையும் திருத்தி எழுதிக்கொண்டு தங்கள் முன் வந்து நிற்பாள்; அந்த வேலைக்கும் கிளம்பிவிடுவாள். அத்தனை அலைச்சலை அவள் உடம்பு தாங்காது, ஐயா.