பாதியில் திரும்பிய ட்ரோன்

கிளேபாங் கடற்கரையில் கோக்கனட் ஷேக் வாங்க வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற கல்யாண வீடியோக்காரர் தன் நண்பரிடம், "என் ட்ரோன் மானத்தை வாங்கிடுச்சு மச்சான்" என்றார்.

"ஏன், விழுந்துடுச்சா?"

"பொண்ணு போற காரை ரோட்டு முனை வரைக்கும் எடுக்கச் சொல்லியிருந்தாங்க. பாதியிலே பேட்டரி குறைஞ்சு, அதுவா மண்டபத்துக்குத் திரும்பிடுச்சு."

"வேற பேட்டரி இல்லியா?"

"மாப்பிள்ளை ஊர்வலத்திலேயே எல்லாத்தையும் தீர்த்துட்டேன்லா."

"செத்தடா நீ. திரும்பி வர்றப்ப கேமரா ஓடுச்சா?"

"ஓடுச்சு. எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. பொண்ணோட அப்பா மட்டும் வாசல்ல நின்னு இன்னும் கையாட்டிக்கிட்டு இருக்கார்."

"பொண்ணு பார்த்துட்டு ஏசுச்சா?"

"நேத்துதான் போட்டுக் காட்டினேன். காரைப் பத்திக் கேக்கவே இல்ல. 'அப்பாவை இன்னொரு தடவை போடுங்கண்ணே'ன்னு மட்டும் சொல்லுச்சு."