சாமிக்கு விற்கும் சாஃப்ட்வேர்

கிள்ளானிலிருந்து வரும் கொமுட்டர் ரயிலில், பாட்டே ஓடாத இயர்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்காருவது என் வழக்கம். அடுத்தவர் பேச்சு நன்றாகக் கேட்கும். அன்று எதிர் இருக்கையில் ஓர் அம்மாவும், மடியில் லேப்டாப்போடு அவர் மகளும்.

“ஓசியில எடுத்ததைச் சாமிக்கே விக்கப் போறியா?” என்றார் அம்மா.

“சாமிக்கு இல்லம்மா, கோயில் கமிட்டிக்கு. அர்ச்சனை டிக்கெட் போடுற சிஸ்டம். எனக்கு மொத ஆர்டர். இன்னிக்குப் போய் விலை சொல்லணும், கெடுத்துறாதீங்க.”

“யாரோ எழுதி இன்டர்நெட்ல சும்மா போட்டதுன்னு நீதானே சொன்னே?”

“அது ஓப்பன் சோர்ஸ்மா. எடுத்து மாத்தலாம், காசுக்கும் விக்கலாம்னு லைசென்ஸ்லயே இருக்கு. வாங்குறவங்களுக்கு சோர்ஸ் கோட் முழுசையும் குடுத்துரணும், அவ்வளவுதான்.”

“குடுத்தா, கமிட்டித் தலைவர் அதை அவரு மச்சான் கோயிலுக்குச் சும்மா தூக்கிக் குடுத்துருவாரு லா.”

“குடுக்கட்டும். அதுக்கும் லைசென்ஸ்ல இடம் இருக்கு.”

அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நான் இறங்க வேண்டிய சுபாங் ஜெயா வந்தது, போனது. வேலைக்குத் தாமதமாகப் போவது எனக்கொன்றும் புதிதல்ல.

“அப்ப உனக்கு என்னடி மிச்சம்?”

“தைப்பூசத்தன்னிக்கு அந்தக் கூட்டத்துல சிஸ்டம் நின்னுட்டா, ரெண்டு கோயிலும் என்னைத்தானே கூப்பிடணும்? ஓடி வந்து சரி பண்றதுக்குத் தனிக் காசு.”

அம்மா நெற்றியிலிருந்து கையை எடுத்தார்.  பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“தலைவருக்கு மொத்தம் எத்தனை மச்சான்?”