கிளிப் பொந்து இருந்த தென்னை

கிளி தனக்கென்று கூடு கட்டுவதில்லை, இன்ஸ்பெக்டர் சார். தலை போன தென்னையில் மரங்கொத்தி விட்டுப்போன பொந்தே அதற்குப் போதும். இது பலருக்குத் தெரியாது. தெரியவைக்கத்தான் ஐந்து வருடமாகப் பாடுபடுகிறேன்.

என் பெயர் பூதலிங்கம். சாலைக் கடைத்தெருவில் தானியக் கடை. சுதந்திரம் வந்த மறு வருடத்திலிருந்து, பங்குனி, சித்திரை ஞாயிறுகளில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, வருகிறவர்களைக் கரமனை ஆற்றங்கரைத் தோப்புக்கு அழைத்துப்போவேன். குஞ்சு பொரிக்கும் காலம் அது. பறவைகளைக் காட்டிப் பெயர் சொல்வேன். கீழே விழுந்த குஞ்சை மனிதன் தொட்டாலும் தாய் ஒதுக்காது, எடுத்துக் கூட்டில் வையுங்கள் என்பேன். சின்னச் சின்ன இரக்கத்தால் உலகம் திருந்திவிடும் என்று நம்புகிறவன் நான்.

வந்தவர்கள் நான் கொடுக்கும் சுண்டலுக்காக வந்தார்கள். ஒருநாள் கொக்கின் பொறுமையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். பக்கத்துத் தெரு ஞானபாய், "எல்லாம் செரிதான் அண்ணாச்சி, இது கொழம்புக்கு ஆகுமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தோப்பில் தலை போன தென்னை ஒன்றில் கிளிப் பொந்து இருந்தது. வருடா வருடம் அதன் குஞ்சுகள் காணாமல் போகும். அடுத்த வாரம் சந்தையில் கூண்டுக்குள் இருக்கும்.

தோப்பில் தேங்காய் பறிக்கும் ஐயப்பன் சுண்டல் வாங்கமாட்டார். கூட்டத்துக்குப் பின்னால் நிற்பார். மரம் ஏறத் தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்தத் தென்னையடியில் அவரைப் பார்த்தேன். துண்டுக்குள் ஒரு கிளிக்குஞ்சு.

"ஒண்ணு கிட்டிச்சு அண்ணாச்சி," என்று சிரித்தார். "மழையில மரம் வழுக்குது. நாளைக்குக் காலம்பற ஏறணும்."

மிச்சக் குஞ்சுகளையும் எடுக்கப்போகிறார் என்று புரிந்துகொண்டேன். மேற்கொண்டு கேட்க நான் நிற்கவில்லை.

ஏறும்போது காலில் மாட்டும் தளைநாரை அவர் தோப்புக் கொட்டகையில் தொங்கவிட்டிருப்பார். அவர் சாப்பிடப் போனதும், மூட்டை பிரிக்கும் கத்தியால் அதில் பாதிப் புரிகளை அறுத்தேன். வெட்டு தெரியாமல் சேறு தடவினேன். இடுப்பளவு உயரத்திலிருந்து விழுவார், கொஞ்சம் வலிக்கும், அந்த வலி புத்தி சொல்லும் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்வதென்றால், அவ்வளவு தாழ்வில் அறுபட இன்னும் இரண்டு புரிகள் வெட்டியிருக்க வேண்டும். அப்படி வெட்டினால் மாட்டும்போதே கண்டுபிடித்துவிடுவார். அதையும் அப்போதே யோசித்தேன்.

மறுநாள் அவர் ஏறத் தொடங்கியபோது நான் இருபது பேருக்கு மரங்கொத்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கூப்பிட நேரம் இருந்தது. நடுவில் நிறுத்தினால் கேட்பவர்கள் கவனம் சிதறும். பொந்துக்கு ஒரு முழம் கீழே தளைநார் அறுந்தது.

அவர் இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவர் மனைவி செல்லபாய்தான் அவிழ்த்தாள். உள்ளே அந்தக் குஞ்சு செத்துக் கிடந்தது.

"கீழ கெடந்துச்சுன்னு எடுத்துட்டு வந்தாரு, அண்ணாச்சி. ராத்திரி பூரா கஞ்சி ஊட்டினாரு. கூட்டுல வெக்கணும்னு நீங்க சொன்னீங்களாமே. அண்ணாச்சி சொன்னா செரியா இருக்கும்னு ஏறினாரு."

அவளுக்கு அன்றே ஒரு மூட்டை அரிசி அனுப்பினேன். வாரந்தோறும் அனுப்புகிறேன். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

தளைநாரில் கத்தி வெட்டைக் கண்டு, பழைய வேலித் தகராறை வைத்து அவர் தம்பி வேலப்பனை நீங்கள் பிடித்துவைத்திருப்பதாக நேற்றுத்தான் கேள்விப்பட்டேன். செய்யாத குற்றத்துக்கு ஒரு மனிதன் அடைபட்டிருப்பதை என்னால் பொறுக்க முடியாது. அதனால்தான் நானே வந்தேன். தளைநாரை அறுத்தவன் நான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஐயப்பன் இறந்ததிலிருந்து கூட்டம் நாற்பது பேருக்கு மேல் வருகிறது. அவர் ஏறிய மரத்தைக் காட்டி அவருடைய இரக்கத்தைச் சொல்கிறேன். செல்லபாய் முன்வரிசையில் நிற்கிறாள். இப்போது யாரும் சிரிப்பதில்லை. முதல் தடவையாக என் பேச்சைக் கேட்கிறார்கள்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் ஆட்கள் வந்துவிடுவார்கள். அதற்குள் என்னை அனுப்பிவிடுவீர்கள் அல்லவா?