விசிறி நின்ற இடைவெளி

தாமதமாக வந்தாலும் தாராளமாகச் சிரிக்கும் தலைவர் அவர்களே, முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் அமர்த்திக்கொண்டு என்னையும் பொறுத்தருளும் தாய்மார்களே, கூண்டுதோறும் கண் வைத்துக் காக்கும் காப்பாளர்களே, இன்று பணி நிறைவு பெறும் நம் மோட்டார் மெக்கானிக் ஆயில் அண்ணன் அவர்களே, அவரை இத்தனை காலம் சமாளித்த அண்ணி அவர்களே, அனைவருக்கும் இந்தக் கால்நடை மருத்துவரின் வணக்கம்!

"சத்தமாப் பேசுங்க டாக்டரம்மா!" என்கிறார் பின்வரிசை நண்பர். பேசுகிறேன் ஐயா! இரைச்சல் எழுந்தால் குரல் தானாக ஏறும். அது மனிதருக்கு மட்டுமா? மரம் தாவும் மந்திக்கும் அதுவே வழக்கம். ஆனால் கத்துவதோடு நின்றதா குரங்கினம்? இல்லவே இல்லை! அதை நான் கண்டது, இதே விலங்குக் காட்சிச்சாலையின் பழைய மருத்துவ அறையில்.

அது ஒரு காலம்! மருந்து வாடை மாறாத அறை. ஒரே மேசையில் ஊசியும் இருக்கும், தேநீர்க் குவளையும் இருக்கும். இன்று நினைத்தாலும் நெஞ்சு இனிக்கிறது.

உள்ளங்கையில் உட்காரும் சின்னஞ்சிறு குரங்குகள் இரண்டு, கணவனும் மனைவியும். மனைவிக்குத் தொற்றுக் காய்ச்சல். தனியறையில் வைத்தோம். சுவருக்கு அப்பால் கணவன். நடுவே காற்றை வெளியேற்றும் பெரிய மின்விசிறி. ஓடினால் அறை அதிரும். நிறுத்தினால் அறை வெந்துபோகும்; இரவும் பகலும் பக்கத்தில் நின்று நிறுத்திப் போட ஆளும் இல்லை. மோட்டாரோ பழசு. கொஞ்சம் ஓடும், சூடேறி நிற்கும், ஆறியதும் மறுபடி கிளம்பும்.

முதலில் இரண்டும் கத்தின, கதறின, விசிறியை வெல்லப் பார்த்தன. பிறகு என்ன செய்தன தெரியுமா? காத்திருந்தன! விசிறி நின்றதும் அவள் விசிலடிப்பதுபோல் குரல் கொடுப்பாள். அவள் முடிக்கும்வரை பொறுத்திருந்து அவன் பதில் தருவான். சிரிக்காதீர்கள் அண்ணி, எல்லாக் கணவரும் அப்படியில்லை என்பது எனக்கும் தெரியும்! பதில் கேட்ட பிறகுதான் அவள் ஒரு வாய் தின்பாள்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தார். "என்ன டாக்டரம்மா, மோட்டார் இப்படித் திக்குது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" கழற்றினார், துடைத்தார், மாட்டினார். விசிறி அதன்பின் நிற்கவே இல்லை. எல்லோரும் கைதட்டினோம்.

அவள் தின்பதை நிறுத்தினாள். மருந்தை மாற்றினோம், பழத்தை மாற்றினோம், ரத்தம் எடுத்துப் பார்த்தோம். எதுவும் பலிக்கவில்லை. இனிப் பிழைக்க மாட்டாள் என்று அழுதேவிட்டேன். அப்போது பார்க்கிறேன், அவள் சுவரோடு காதை ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு உறைத்தது. அவள் காத்திருக்கிறாள், விசிறி இடம் கொடுக்கவில்லை!

ஓடினேன். "அண்ணே, அந்த மோட்டாரைப் பழையபடி கெடுத்துக் குடுங்க!"

"நான் சரி பண்ணினதை நானே கெடுக்கிறதா? நாலு பேரு என்னைப் பத்தி என்ன பேசுவாங்க?"

"அவ செத்துடுவா அண்ணே."

கருவிப் பையை எடுத்தார்.

விசிறி நின்றது. நலிந்த குரல் ஒன்று எழுந்தது. நாங்களும் சுவரில் காது வைத்தோம். சுவருக்கு அப்பாலிருந்து வந்தது பதில்! அவள் கை நீட்டிப் பழத்துண்டை எடுத்தாள்.

பெருமக்களே, உரக்கப் பேச உலகில் ஆளுக்கா பஞ்சம்? தான் வாங்கிய கைதட்டலைத் தானே துறந்து, இரண்டு உயிர்கள் பேசிக்கொள்ள இடைவெளி தந்தவர் எத்தனை பேர்? எத்தனை பேர்?

எண்ணெய்க் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்று அண்ணன் சொன்னார்: "மெஷின் நல்லாக் கெட்டுப்போச்சு டாக்டரம்மா!"

அந்தக் கைகளை வணங்குகிறேன். பொறுமையாய்க் கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. வணக்கம்!